மீசையையும் சேர்த்துத் தைத்த மாலுமி! - 32 அடிப் படகில் 312 நாள்கள்

நடுக்கடல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஓர் ஆள் இல்லை. ஒரு கப்பல் இல்லை. ஆடும் படகில் உட்கார்ந்து, கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார் அந்த இளைஞர். ஊசி, நூல், தடித்த துணி. படகு ஆடினாலும் தையல் கோணக்கூடாதே என்று முகத்தைத் துணிக்கு வெகு அருகில் வைத்துக் கவனமாகத் தைத்தார்.

தைத்து முடித்து நிமிரப் பார்த்தால், முகம் மட்டும் பாயைவிட்டு வரவில்லை. பாயின் ஓரத்துக் கயிற்றோடு தன் மீசையையும் சேர்த்துத் தைத்திருந்தார்!

பாயின் மறுமுனையை அவிழ்த்துவிடலாம் என்றால் கை எட்டவில்லை. 'ஏம்ப்பா, ஒரு கை கொடு' என்று கூப்பிட அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. வேறு வழியின்றித் தலையைப் பின்னுக்கு ஒரு வெட்டு வெட்டினார். கொஞ்சம் மீசை பாயோடு போனது. வலியில் கண்ணீர் வந்தது. ஆனால், தையல் பிரியவில்லை!

அந்த இளைஞரின் பெயர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். எங்கும் நிற்காமல், தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகை முதன்முதலில் சுற்றிவந்தவர் இவர்தான். 1968, ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, 1969, ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். இடைப்பட்ட 312 நாள்களும் சாகசத்தைவிட ரிப்பேர் வேலைகளால்தான் நிறைந்திருந்தன. ஒழுகும் படகு, கிழியும் பாய், உடையும் சுக்கான், கெட்டுப்போன தண்ணீர், ஊமையான ரேடியோ... ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வந்து நிற்கும்.

இதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. அந்தப் படகு பிறந்த ஊர் மும்பை!

பம்பாயில் பிறந்த 'சுஹைலி'

நாக்ஸ்-ஜான்ஸ்டன் பிரிட்டிஷ் வணிகக் கப்பலில் அதிகாரி. 1960-களின் தொடக்கத்தில் வேலை நிமித்தமாகப் பம்பாயில் இருந்தபோது, சொந்தமாக ஒரு படகு கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். வரைபடத்துக்கு ஆர்டர் கொடுத்தார். வந்து சேர்ந்ததோ வேறொரு பழைய மாதிரியின் வரைபடம். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க நேரமில்லை. 'சரி, இதையே கட்டிவிடுவோம்' என்று இறங்கிவிட்டார். ஆரம்பமே சமாளிப்புதான்!

நம்மூர்த் தச்சர்கள் வாய்ச்சியால் செதுக்கி, கையால் துளையிட்டு, தேக்கு மரத்தில் அந்தப் படகைக் கட்டினார்கள். நீளம் 32 அடி. இரண்டு பாய்மரங்கள். பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றை அரபு மாலுமிகள் அழைக்கும் பெயரே படகுக்கும் வைக்கப்பட்டது: சுஹைலி.

1968-ல் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' வார இதழ், தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' போட்டியை அறிவித்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்குப் புதிய இரும்புப் படகு ஒன்று வேண்டியிருந்தது. பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கையில் இருந்தது தேக்குச் சுஹைலிதான். அதையே எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 29.

மொத்தம் ஒன்பது பேர் கிளம்பினார்கள். விதி கடுமையானது. வழியில் யாரிடமும் உதவி வாங்கக்கூடாது; ஓர் ஆணிகூட வெளியிலிருந்து படகுக்குள் வரக்கூடாது. அதாவது, எது உடைந்தாலும் உள்ளே இருப்பதை வைத்தே சரிசெய்ய வேண்டும். ஜி.பி.எஸ் கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் கருவியால் அளந்துதான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கண்டம்: ஒழுகும் படகு

ஆப்பிரிக்காவின் மேற்கே, கேப் வெர்டே தீவுகளைத் தாண்டித் தெற்கே போகும்போது சந்தேகம் வந்தது. படகின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் இறைத்துக்கொட்ட வேண்டியிருந்தது. கடலில் குதித்து மூழ்கிப் பார்த்தார். நீர்மட்டத்துக்குக் கீழே, அடிக்கட்டைக்கு அருகில் பலகைகளின் இணைப்பு விரிந்துகிடந்தது. படகு அசையும்போதெல்லாம் இடைவெளி திறந்து மூடியது.

மரப் படகில் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடைப்பதை நம் கடலோரங்களில் 'கலப்பத்து' என்பார்கள். அதைத் தரையில் நிற்கும் படகில் செய்வதற்கே பக்குவம் வேண்டும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. பஞ்சை இடுக்கில் வைத்து, சுத்தியலை ஓங்குவதற்குள் அது வெளியே மிதந்துவந்துவிட்டது. மூச்சு முட்டி மேலே வருவார், மறுபடி மூழ்குவார். மறுபடியும் அதே கதை.

படகில் ஏறி உட்கார்ந்து யோசித்தார். பஞ்சைத் தனியாகத் திணித்தால்தானே மிதக்கிறது? சுமார் ஏழு அடி நீளத்துக்கு ஒரு கித்தான் துணிப்பட்டை வெட்டினார். பஞ்சை அதன்மேல் வைத்துத் தைத்தார். தார் பூசினார். பட்டை நெடுகச் செம்பு ஆணிகளை முன்கூட்டியே குத்திவைத்தார். இனி தண்ணீருக்குள் செய்யவேண்டியது, இடுக்கின்மேல் பட்டையை வைத்து ஆணிகளை அடிப்பது மட்டும்தான்.

இறங்குவதற்கு முன் ஒரு காபி குடித்துக்கொண்டிருந்தார். அப்போது தண்ணீருக்குள் ஓர் உருவம் வளைய வந்தது. சுறா!

வெள்ளையாகத் தெரியும் உடம்பு சுறாவை இழுக்கும் என்பதால், கடலில் இறங்கும்போது கறுப்பும் நீலமுமாக உடை அணிந்துகொள்வது அவர் வழக்கம். அன்று அந்த உபாயம் போதவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தார். சுறா போவதாக இல்லை. படகில் துப்பாக்கி இருந்தது. ஆனால், சுறா தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வர வேண்டுமே? கழிவறைக் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் கடலில் போட்டார். 'இது என்ன?' என்று பார்க்க சுறா மேலே வந்தது. சுட்டுவிட்டார். ரத்த வாடைக்கு வேறு சுறாக்கள் வருகின்றனவா என்று நெடுநேரம் கவனித்துவிட்டு, மறுபடி கடலில் இறங்கினார்.

பட்டை உட்கார்ந்தது. படகில் ரேடியோ பொருத்தியவர்கள் விட்டுச்சென்ற செப்புத் தகடு ஒன்று கிடந்தது. துணிப்பட்டை பிய்ந்துவிடாமல் இருக்க அதையும் மேலே வைத்து அடித்தார். மறுபக்கமும் இதேபோல ஒழுகியது. அதற்கும் இதே வைத்தியம். கரையில் ஒன்றுக்கும் உதவாது என்று தூக்கியெறியப்பட்டிருக்கக்கூடிய தகடு, அங்கே படகைக் காப்பாற்றியது.

புத்தகத் தாளே அளவுகோல்

பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் சின்ன இன்ஜின் ஒருநாள் மக்கர் செய்தது. அதன் உள்ளே இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே துல்லியமான இடைவெளி இருக்க வேண்டும். அளவு, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 12 முதல் 15 பங்கு. மெக்கானிக் ஷெட்டில் இதை அளக்க மெல்லிய தகடுகள் கொண்ட கேஜ் இருக்கும். அவரிடம் அது இல்லை.

ஆனால், புத்தகம் இருந்தது. எத்தனை தாள்கள் சேர்ந்தால் ஓர் அங்குலம் வருகிறது என்று எண்ணினார். 200 தாள்கள். அப்படியென்றால், ஒரு தாளின் தடிமன் ஆயிரத்தில் 5 பங்கு. மூன்று தாள்கள் 15 பங்கு. அவ்வளவுதான்! மூன்று தாள்களை இடையில் வைத்து இடைவெளியைச் சரிசெய்தார். இன்ஜின் ஓடியது.

இன்னொரு சமயம் அறுந்துபோன மின்னிணைப்பு ஒன்றைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஈயப்பற்று கைவசம் இல்லை. மின்விளக்கு பல்புகளின் அடியில் ஒரு சொட்டு ஈயம் இருக்குமல்லவா? மாற்று பல்புகளை எடுத்து, அந்தச் சொட்டுகளை உருக்கிச் சேர்த்துப் பற்றவைத்தார்.

ஆறாம் வகுப்புக் கணக்கும், பல்பின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்த பொது அறிவும்தான் இந்த இரண்டு ரிப்பேர்களுக்கும் மூலதனம்.

கண்ணா, பயணமா?

செப்டம்பரில் தென்கடலுக்குள் நுழைந்தார். அங்கே அலைகளைத் தடுக்க நிலமே இல்லை. உலகைச் சுற்றி ஓடிவரும் அலைகள் மலைபோல் எழும். ஓர் இரவு சுஹைலி அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்து எழுந்தது. உள்ளே இருந்தவை எல்லாம் அவர்மேல் வந்து விழுந்தன. அறையின் கூரை படகோடு சேரும் இடத்தில் விரிசல். இன்னொரு பெரிய அலை வந்தால் கூரையே பெயர்ந்துவிடலாம் என்ற நிலை. இருந்ததை வைத்து அதை உறுதிப்படுத்தினார்.

குடிநீர்த் தொட்டியைத் திறந்தால், தண்ணீர் கெட்டிருந்தது. தனியாக கேன்களில் வைத்திருந்த சுமார் 10 கேலன் மட்டுமே மிச்சம். பெரும்பாலானவர்கள் இங்கே கரை திரும்பியிருப்பார்கள். அவர் பாயின் அடியில் வாளியைக் கட்டித் தொங்கவிட்டார். மழை பெய்யும்போது பாயில் வழியும் நீர் வாளியில் சேர்ந்தது. மீதி பயணம் முழுக்க வானம்தான் அவருக்குக் குடிநீர்க் குழாய்.

பேட்டரியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது படகு குலுங்கி, அமிலம் கண்ணில் தெறித்தது. உடனே கழுவினாலும் எரிச்சல் அடங்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய் மருத்துவம் பார்க்கலாம். போனால், பயணம் அத்துடன் முடிந்தது. மற்றவர்களைவிட முன்னால் கிளம்பியிருந்ததால் ஜெயிக்கும் வாய்ப்பும் அவருக்கு இருந்தது. எடைபோட்டுப் பார்த்து, தொடர்ந்து போவது என்று முடிவெடுத்தார். நல்லவேளை, சில நாள்களில் கண் தேறியது.

'அட்மிரல்' விடைபெற்றார்

தனி ஆள் தூங்கும்போது படகை யார் ஓட்டுவது? அதற்காகக் காற்றின் திசையைப் பிடித்துத் தானே சுக்கானைத் திருப்பும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் 'அட்மிரல்'. அதன் சுக்கான் உடைந்தது. மாற்றுச் சுக்கானைப் போட்டார். ஆஸ்திரேலியாவை எட்டும் நேரத்தில் அதுவும் உடைந்தது. அட்மிரல் நிரந்தர ஓய்வுக்குப் போனார்.

இன்னும் பசிபிக், ஹார்ன் முனை, அட்லான்டிக் என்று பாதித் தூரத்துக்குமேல் பாக்கி. ரேடியோவும் வேலை செய்யவில்லை.

இங்கேதான் தேக்குச் சுஹைலி தன் குணத்தைக் காட்டியது. வேகம் குறைவு, ஆனால் நேராகப் போகும் பழக்கமுள்ள படகு. முன்பாயையும் பின்பாயையும் கூட்டிக் குறைத்து, சுக்கான் கட்டையைக் கயிற்றால் கட்டி, கிட்டத்தட்டத் தானாகவே திசை மாறாமல் போகும் சமநிலையைக் கண்டுபிடித்தார். காற்று மாறினால் படகின் ஆட்டம் மாறும். அந்த மாற்றமே அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும்.

நியூசிலாந்தில் ஒட்டாகோ துறைமுகத்தருகே படகு மணல் திட்டில் தட்டி நின்றது. உதவ வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விதி விதிதானே! நங்கூரத்தைத் தானே கொண்டுபோய்த் தள்ளிப் போட்டு, நீர் ஏறியபோது கயிற்றை இழுத்துப் படகை விடுவித்தார். அதன்பிறகு நான்கு மாதங்களுக்குமேல் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. 1969, ஜனவரி 17 அன்று அவர் ஹார்ன் முனையைத் தாண்டியது உலகத்துக்குத் தெரியாது. ஏப்ரலில் அசோரஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைப் பார்த்துத் தகவல் சொன்ன பிறகுதான், வீட்டில் இருந்தவர்களுக்கு உயிர் வந்தது.

அதே ஒழுகல், வேறு முடிவு

அதே போட்டியில் பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெஸ்ஸியேவும் இருந்தார். நன்னம்பிக்கை முனை அருகே ஒரு சரக்குக் கப்பலிடம் கடிதங்களைக் கொடுக்கப்போய், அதில் மோதிக்கொண்டார். படகின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பம் வளைந்துவிட்டது. கப்பியும் கயிறும் போட்டு இழுத்து, நடுக்கடலில் தனி ஆளாக அதை நிமிர்த்தினார். ஜெயிக்கும் நிலையில் இருந்தும், 'இந்த ஓட்டமே வேண்டாம்' என்று போட்டியைவிட்டு விலகி, நேராக டஹீட்டி தீவுக்குப் போய்விட்டார்.

இன்னொருவர் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். இந்தியாவில், காஸியாபாத்தில் பிறந்த ஆங்கிலேயர். அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான 1968, அக்டோபர் 31 அன்று அரைகுறையாக முடிந்த படகில் அவசரமாகக் கிளம்பினார். அவருக்கும் அதே மாதிரிச் சின்னப் பழுதுகள்தான். படகில் தண்ணீர் புகுந்தது. தானியங்கிச் சுக்கானிலிருந்து திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. தண்ணீர் இறைப்பதற்கான குழாய் கரையிலேயே தங்கிவிட்டது. இந்தப் படகால் தென்கடலைத் தாங்க முடியாது என்பது சில வாரங்களிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

திரும்பினால் கடன் கழுத்தை நெரிக்கும். முன்னே போனால் சாவு. மூன்றாவதாக ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தார். அட்லான்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக ரேடியோவில் பொய்யான தகவல்களை அனுப்பினார். பழுதைச் சரிசெய்ய ரகசியமாக அர்ஜென்டினாவில் கரை ஒதுங்கி, பலகையும் திருகாணியும் வாங்கினார். க்ரோஹர்ஸ்ட் துரத்தி வருகிறார் என்று நம்பிய இன்னொரு போட்டியாளர் நைஜல் டெட்லி, ஏற்கெனவே சேதமான தன் படகை விரட்டினார். வீட்டை நெருங்கும் நேரத்தில் அது உடைந்து மூழ்கியது. அவர் உயிர் பிழைத்தார். இனி வேகப் பரிசு க்ரோஹர்ஸ்டுக்குத்தான் என்ற நிலை. பரிசு வந்தால் பயணக் குறிப்புகளைச் சோதிப்பார்கள், பொய் வெளிப்படும். 1969, ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்தபடி கண்டெடுக்கப்பட்டது. அவருக்கு மனைவியும் நான்கு குழந்தைகளும் இருந்தார்கள்.

ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான். வேகத்துக்கான 5,000 பவுண்ட் பரிசும் அவருக்கே வந்தது. அந்தப் பணத்தை அவர் க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒழுகும் படகில் தனியாக இருப்பது என்றால் என்ன என்று, பரிசு பெற்றவரைவிட யாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்?

கழிவறைக் கதவும் கைகொடுக்கும்!

அரை நூற்றாண்டு கழித்து, பழைய காலக் கருவிகளோடு மட்டுமே ஓட்ட வேண்டும் என்ற விதியுடன் கோல்டன் குளோப் போட்டி மறுபடி உயிர்பெற்றது. 2018 போட்டியில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டப்பட்ட சுஹைலியின் நகல் படகில் கிளம்பினார். தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் படகு உருண்டு, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் பலத்த காயத்துடன் மீட்கப்பட்டார்.

அடுத்த போட்டிக்கு, 2022-ல், அதே அபிலாஷ் மறுபடி வந்தார். தானியங்கிச் சுக்கான் கருவி வழியில் திரும்பத் திரும்ப உடைந்தது. படகின் கழிவறைக் கதவையே எடுத்து அந்த ரிப்பேருக்குப் பயன்படுத்தினார். 236 நாள்களில் இரண்டாவதாக வந்தார். 2024-25-ல் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கடற்படையின் 'தாரிணி' படகில் சுமார் எட்டு மாதங்களில் உலகைச் சுற்றிவந்தார்கள். இன்று செயற்கைக்கோள் போன் உண்டு, ஜி.பி.எஸ் உண்டு. ஆனாலும், நடுக்கடலில் கயிறு அறுந்தால், படகில் இருக்கும் கைகள்தான் முடிச்சுப் போட வேண்டும்.

அருங்காட்சியகத்தில் வந்த விரிசல்

ஃபால்மவுத்துக்குத் திரும்பிய சுஹைலியில் முதலில் ஏறியவர்கள் சுங்க அதிகாரிகள். 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். 'ஃபால்மவுத்திலிருந்து' என்றார் அவர்!

புகழ்பெற்ற சுஹைலி, பிற்காலத்தில் லண்டன் கிரீன்விச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைக்கப்பட்டது. அலை இல்லை, உப்பு இல்லை, புயல் இல்லை. கட்டுப்படுத்தப்பட்ட காற்று, ராஜ மரியாதை. ஆனால், அந்த வறண்ட காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. சுமார் 30,000 கடல் மைல் தூரம் அலைகளிடம் அடிவாங்கித் தாங்கிய படகு, சும்மா நின்றதில் விரிசல்விட்டது.

2002-ல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே கொண்டுவந்தார். பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் தன் கையாலேயே பழுதுபார்த்து, 2016-ல் மீண்டும் தண்ணீரில் இறக்கினார். அப்போது அவருக்கு வயது 77. கையில் அதே சுத்தியல் வேலை, அதே படகு.